மரியாதையான குரல்

உலான்பாத்தர் கார்ச் சந்தை. மைனஸ் இருபத்தெட்டு.
வார்த்தைக்கு முன்னால் வாயில் புகை வருகிறது,
பேரம் பேசுகிற எல்லோருக்கும்
சைலன்சர் ஓட்டை என்பதுபோல.

"கப்பலிலிருந்து இறங்கி ஒரு வாரம்தான்.
ஒரே ஓனர், ஜப்பானில் ஒரு டீச்சரம்மா"
என்கிறார் நெர்குயி.

"இங்கே நிற்கிற முந்நூறு பிரியஸும்
அந்த டீச்சரம்மாவுடையதுதானா?"
டயரை உதைக்கிறாள் ஓயுன்சிமெக்.

பம்பரில் பள்ளம்?
"குதிரை உரசியது."
அந்தப் பக்கம்?
"அதே குதிரை, திரும்பி வரும்போது."

பட்டனை அழுத்தியதும் உள்ளிருந்து
ஒரு பெண்குரல், ஜப்பானிய மொழியில்,
அத்தனை மரியாதை.
"புது முதலாளிக்கு நல்வரவு சொல்கிறாள்!"

ஓயுன்சிமெக் சிரிக்கவில்லை.
ஒசாகாவில் நாலு வருஷம் மீன் வெட்டியவள்.
"பேட்டரியைப் பார்க்கச் சொல்கிறாள், அண்ணே.
உடனே."

"அட, மூன்று வருஷமாகத் தினமும்
எனக்கு நல்வரவு என்றல்லவா..."

"எத்தனை வருஷமாக?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்,
அந்தக் குளிரில்.
எட்டு லட்சம் துக்ரிக் இறங்கியது.

சாவியைக் கொடுத்த பிறகு
ஜன்னலோரம் குனிந்து மெல்லக் கேட்டார்:
"ராத்திரி வண்டியை நிறுத்தும்போது
இன்னொன்று சொல்வாளே, கொஞ்சம் நீளமாக?"

"அதுவா?
எதையோ விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்கிறாள்."