கிணற்றிலிருந்து எட்டு எட்டு

வந்தாறுமூலையில் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
பதினெட்டுப் பாகைப் பெட்டியைத் திறக்காமல்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்,
நானும் ஏறாவூர் பஸ்ஸைத் தவறவிட்ட நுஸ்கியாவும்.
உள்ளே, தலைகீழாய்த் தொங்கும் துளியில்
வெள்ளைப்புள்ளி வந்து செத்த இறாலின் புரதம்,
பளிங்காகி.
உப்புக்கல்லில் பாதிகூட இல்லை.

முன்பு பெங்களூரிலிருந்து வந்த கோப்பில்
ஆயிரக்கணக்கில் புள்ளிகள்.
எவ்வளவு பிரகாசம் என்று ஒவ்வொன்றும் சொல்லும்.
அலை எந்த அவத்தையில் வந்ததென்று கேட்டால்
வாய் திறக்காது.

"அயடீன் போடுவம்" என்றாள் நுஸ்கியா.
காபனுக்கு ஆறு எலத்திரன்,
இதற்கு ஐம்பத்து மூன்று.
தைரோசின் வளையத்தில் போய்க் குந்திவிட்டால்
அத்தனை கூட்டத்திலும் தெரியும்.
நனைத்த முதல் பளிங்கு வெடித்தது.
அடுத்தது தேயிலைச் சாயமாகிக் கரைந்தது.
இந்த முறை தொடவில்லை.
பக்கத்தில் அயடீன் துளி ஒன்றை வைத்து மூடினோம்.
ஆவியாய் அதுவே போய்ச் சேரட்டும்.

மறுகா அந்தப் பளிங்கும் பெங்களூர் போனது,
கோப்பாய்த் திரும்பி வந்தது.
நான்கு அயடீன்.
அந்த நான்கை வைத்து
கணினி இரண்டு விடை சொல்கிறது,
ஒன்று மற்றதன் கண்ணாடி.

நாவலடி. கடல் வந்து போன மூன்றாம் கிழமை.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி,
நடுவே மணல்.
வளவைக் காட்ட வேலிக்கட்டை ஒன்றுமில்லை.
கட்டு உடைந்த கிணறு மட்டும் இருந்தது.
அளவையாளர் ட்ரேசிங் தாளை விரித்தார்.
கிணற்றிலிருந்து குசினிக்கு எட்டு எட்டு.
வாவிப்பக்கம் எட்டு வைத்து வெட்டச் சொன்னார்.
மணல். இன்னும் மணல்.
அம்மா எட்டிப் பார்த்தா.
"தாள மறுபக்கம் திருப்பிப் புடிங்க தம்பி."
கடல்பக்கம், எட்டாம் எட்டில்,
மண்வெட்டி
ணங்.
சிவப்புச் சீமெந்து.

முதல் விடையைத் திறந்தோம்.
வலையில் சுருண்ட பாசி,
தலையும் இல்லை வாலும் இல்லை.
நுஸ்கியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
இரண்டாவதை அழுத்தினேன்.
திரையில் நீல வலை மெல்ல நிறைந்து
வலப்பக்கமாய்ச் சுற்றி ஏறியது
ஒரு படிக்கட்டு,
பிறகு இன்னொன்று,
இடையில் தைரோசினின் தட்டையான வளையம்,
அதன் ஓரத்தில் பாரமாய் அயடீன்.

"ணங்" என்றேன், வாய்விட்டு.

"என்ன?" என்று திரும்பினாள்.
அவளுக்கு அந்தக் கிணறு தெரியாது.