அடிக்குறிப்பு பதினேழு

வியாழன் மாலை ஏழு மணிக்கு
யெர்கோ மிமித்சாவின் இரும்புக் கடைப் பின்னறையில்
ஆணிப் பெட்டிகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே
நாங்கள் ஐந்து பேர்
செத்துப்போனவர்களுக்காகச் சண்டை போடுவோம்.

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
ஆள் பறந்துவிடாமல் பிடித்து நடக்க.
அந்தக் கயிற்றைப் பற்றியபடிதான் வருவார் நெல்டா.
சுங்கத்துறையில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர்.
கோட்டுக்குள், நெஞ்சோடு,
நனையாமல் ஒரு சரக்குப் பட்டியல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில்
'எலிசெந்தா' என்ற சின்னக் கப்பலில்
எத்தனை கம்பளி மூட்டை ஏறியது,
சமையல்காரன் எந்த ஊர்க்காரன்,
யாருக்கு என்ன போச்சு?
எங்களுக்குப் போச்சு,
இரண்டு வருடத் தூக்கம்.

நான் பஸ் ஓட்டுகிறவன்.
கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங் மேல் தாள் வைத்து எழுதினேன்,
அறுபத்து நான்கு பக்கம்.
இருநூறு பிரதி அச்சாகி வந்தது.
மை வாசம் போகுமுன்
நெல்டா கதவைத் தட்டினார்.
உட்காரவில்லை.
"பதினேழு," என்றார்.

நாற்பத்தோராம் பக்கம், அடிக்குறிப்பு பதினேழு:
சமையல்காரன் அன்செல்மோ
அந்த ஆண்டு ஜூனில் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டான்.

நெல்டா பட்டியலை விரித்தார்.
பதினான்காம் ஆண்டு, மார்ச்,
இரண்டு மூட்டை மாவு, பெற்றுக்கொண்டவர் அன்செல்மோ.
கையெழுத்து.
"செத்தவன் மாவு வாங்கமாட்டான்."

சொல்லிவிட்டு உடனே போகவில்லை.
தேநீர் போடச் சொன்னார்.
எனக்குக் கை நடுங்கியதால்
அவரே போட்டார்.

ஞாயிறு ஐவரும் கல்லறைத் தோட்டத்தில்.
கத்தரித்த சைப்ரஸ்கள் பருத்த காவலாளிகள் போல நிற்க,
பல் மருத்துவர் மிரெயா
மண்ணில் முழங்காலிட்டு
தன் கிளினிக் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார்.
நேரே அடித்தால் கல் ஊமை,
சாய்த்து அடித்தால் எழுத்து நிழல் போடும்.
சொத்தை தேடும் அதே கண்.
"மோ இல்லை," என்றார், பாசியைத் தொடாமல்.
"மா."

அன்செல்மா.
கீழே கிடந்தவள் ஒரு பெண்.
பதிவேட்டில் அந்தக் கடைசி எழுத்தை
நான்தான் அவசரத்தில் ஆணாக்கியிருந்தேன்.

தங்கையா? மனைவியா?
கப்பலிலேயே வந்தவளா?
பௌஸ்தினோ, ரொட்டிக்கடைக்காரர்,
குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்:
"இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை கிடைத்தது."
என் தப்பைப் பார்த்து
ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு
நான் கண்டதில்லை.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வியாழன் பேனா எடுத்தோம்.
ஆளுக்கு நாற்பது பிரதி.
அடித்து, மேலே எழுதி, ஊதிக் காயவைத்து.
மிரெயாவின் எழுத்து மருந்துச் சீட்டு,
யெர்கோவின் எழுத்து விலைப்பட்டியல்,
பௌஸ்தினோ தொட்ட பக்கமெல்லாம் கொஞ்சம் வெண்ணெய்.
இப்போது இந்த ஊரில் என் புத்தகம்
ஐந்து கையெழுத்தில் கிடைக்கிறது.

யெர்கோவைச் சொல்ல வேண்டும்.
எதைச் சொன்னாலும் "சான்று?" என்று மட்டும் கேட்பவர்.
மழை பெய்கிறது என்றாலும் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பவர்.
முப்பத்தெட்டாவது பிரதியில்
தலை நிமிராமலே சொன்னார்:
"மற்ற அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தேன்.
நிற்கின்றன."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி
இல்லாத மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

எல்லாம் முடித்து அடுக்கியபோது மணி பதினொன்று.
பௌஸ்தினோ ஒயின் திறந்தார்.
நெல்டா மேலே இருந்த பிரதியை எடுத்து
நன்றிப் பக்கத்தைப் புரட்டினார்,
கண்ணாடியைக் கழற்றினார்,
மறுபடி போட்டார்.

"பர்ரியா," என்றார் மெதுவாக.
"எங்கள் வீட்டில் இரண்டு ர."

யாரும் பேசவில்லை.
யெர்கோ எழுந்துபோய்
கடை அலமாரியிலிருந்து
புதிய பேனா ஐந்து எடுத்துவந்தார்.
முதல் பிரதியிலிருந்து ஆரம்பித்தோம்.