தரை கெட்டி

காலை ஆறரைக்கு ரேடியோவில் சொன்னேன்:
ஒக்பிலாவிலிருந்து பேசுகிறேன்,
மேகம் மேற்கு மலைக்கு மேலே,
காற்று இல்லை,
தரை கெட்டி.

முதல் இரண்டும் கண்ணால் பார்த்தவை.
மூன்றாவதை
குடிசை வாசலில் காப்பியோடு நின்றபடி சொன்னேன்.

நானூற்று எண்பது மீட்டர் புல்,
ஒரு முனை பள்ளத்தாக்கில், மறுமுனை மலையில் முட்டும்.
அதை முழுக்க நடந்து பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
இரவெல்லாம் மழை. முழங்கால் வலி.
ரேடியோ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பதே காலுக்கு வந்தது.
எட்டுப் பேர், இரண்டு பெட்டி கோழிக்குஞ்சு,
டோர்க்காஸின் தையல் இயந்திரம்.
சக்கரங்கள் தொட்டன, நன்றாகவே தொட்டன.
பிறகு மூக்கு
எதையோ தவறவிட்டவன்போல் குனிந்தது.
சத்தம் பெரிதில்லை,
தகர டப்பாவை யாரோ மிதித்த மாதிரி.
அப்படியே சுழன்று
வந்த வழியைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

காயம்? என்றது ரேடியோ.
இல்லை.
யாருக்குமே?
இல்லை, குஞ்சுகளுக்குக்கூட.

விமானி கிப்சன் எல்லா விசைகளையும் அணைத்தான்,
மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தான்,
கடைசியாக இறங்கி
புல்லில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினான்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
டோர்க்காஸ் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.
சுற்றியது.
அதற்குப் பிறகே அழுதாள்.

குழியைச் சுற்றி ஊரே நின்றது.
புதிதாய்க் கிளறிய மண், அறுபட்ட மண்புழு,
ஓரத்தில் குளம்புத் தடம்.
இடது பின்னங்காலில் பாதிக் குளம்பு இல்லாதது
இந்த மலையில் ஒன்றுதான்.
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
இத்தனை கவனமாக
என்னை யாரும் பார்க்காமல் இருந்ததில்லை.

கெப்பாஸ் மண்வெட்டியோடு வந்து
பேசாமல் குழியை மூடத் தொடங்கினான்.
வேண்டாம், என்றான் கிப்சன்,
மொரெஸ்பியிலிருந்து அதிகாரிகள் வருவார்கள்,
அளப்பார்கள், படம் எடுப்பார்கள்.
தார்ப்பாய் விரித்து
நான்கு மூலைக்கும் நானே கல் வைத்தேன்.
கல் தேடுவது நல்லது,
குனிந்தே இருக்கலாம்.

வெயில் இறங்கியதும் அது வந்தது.
வாழை மடல்போல் வளைந்த விசிறியை முகர்ந்தது,
அதிலேயே முதுகைச் சொறிந்துகொண்டது,
தார்ப்பாயின் ஒரு மூலையை
மூக்கால் தூக்கிப் பார்த்தது.

பெயர் சொன்னால் ஓடி வரும்.
எட்டுப் பேரும், கெப்பாஸும், கிப்சனும்
அங்கேதான் இருந்தார்கள்.

நான் கூப்பிடவில்லை.