புத்தகத்தில் நீலம்

"பேரிலேயே சனி இருக்கு, வாங்காதே" என்றான் தம்பி.
சன்னி என்று திருத்தினேன்.
இருபத்தெட்டு வயது நிசான்.
விலை என் கைக்கு எட்டியது, அவ்வளவுதான்.

பதிவுப் புத்தகத்தில் நீலம்.
வாசலில் நின்றது சாம்பல்.
"இடையில ஒருக்கா பெயின்ற் அடிச்சது,
எஞ்சின் அதே எஞ்சின்" என்றார்
விற்க வந்த பத்மசீலன்.
நாளுக்கு ஆறு தலைக்குச் சாயம் பூசுகிறவள் நான்.
இந்தப் பேச்சு எனக்குப் புதிதா?

பெயர் மாற்றப் பரிசோதனைக்கு முதல்நாள் இரவு
கொட்டாஞ்சேனையில் சலூனைப் பூட்டி
நீட்டு வயரில் ஹெயார் ட்ரையரைத் தெருவுக்கு இழுத்தேன்.
பின்கண்ணாடி முழுக்கக் கழுகு.
பம்பரில் நெருப்பு.
பெற்றோல் மூடிமேல் "தாகம்", யாரோ விட்ட பகிடி.
கதவோரம் தோற்றுப்போன வேட்பாளரின் பாதி முகம்,
ஒரு கண்ணால் சிரித்தபடி.
டிக்கியின் குறுக்கே
முழங்கை நீளத்துக்கு, தமிழில்,
அனுக்‌ஷியா.

வெப்பம் பட்டால் எந்தப் பசையும் இளகும்.
கழுகு ஒரே இழுப்பில் வந்தது.
நெருப்பு துண்டு துண்டாய்.
வேட்பாளர் கடைசிவரை பிடிவாதம்;
நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்தால்
அவரோடு கொஞ்சம் சாம்பலும் சேர்ந்து வந்தது.
பத்மசீலனின் மகளை எழுத்தெழுத்தாய் உரித்து
ஷம்பூ போட்டுக் கழுவிவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால்
பெயர் அங்கேயே இருந்தது.
சுற்றிலும் வெயில் தின்ற சாம்பல்,
எழுத்து இருந்த இடம் மட்டும் புதுசு.

நாரஹேன்பிட்டவில் வரிசை.
முன்னால் ஒரு த்ரீவீல்காரன்
விளக்கில் ஒட்டிய சிவப்புத் தாளை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
பாவம், பசை நகத்துக்கு மாறியது.

பரிசோதகர் புத்தகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்,
திரும்பவும் புத்தகத்தை.
கதவைத் திறந்து
பிணைச்சல் மடிப்புக்குள் விரலை விட்டார்.
நீலம்.
எப்போது மாற்றியது? யார் மாற்றியது? ஏன் எழுதவில்லை?
சிங்களத்தில்தான் கேட்டார், கோபமாய்க்கூட இல்லை.
என் கைதான் தானாகவே
கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.

இப்படி நின்றிருக்கிறேன் முன்பு, கார் இல்லாமல்.
பஸ்ஸால் இறக்கி வரிசையில் விடுவார்கள்.
அட்டையில் இருப்பவள் நான்தான் என்று
முகத்தால் நிரூபிக்க வேண்டும்.
இறங்குமுன் நெற்றிப்பொட்டை உரித்து
முன்சீற்றின் முதுகில் ஒட்டுவேன்.
ஏறியதும் தேடுவேன்.
சிலவேளை வேறொருத்தியின் பொட்டு அகப்படும்,
பெரிசாய், கறுப்பாய்.
அதையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன்.

"அட்டை வேண்டாம் மிஸ்" என்றார்.
பொனற்றைத் தூக்கி, துணியால் எண்ணெய் துடைத்து,
செஸி இலக்கத்தில் ரோர்ச் அடித்தார்.
அது சரி. அதற்கு யாரும் சாயம் பூசவில்லை.
நிறத்துக்குத் தனிப் படிவம்,
கராஜ்காரனின் கடிதம், கட்டணம்,
வியாழக்கிழமை திரும்ப வரவேண்டும்.

பிறகு பின்னால் போய் நின்றார்.
"இந்த ஸ்டிக்கரையும் கழற்றுங்கள்."
"ஸ்டிக்கர் இல்லை சேர். அது இருந்த இடம்."
தடவிப் பார்த்தார்.
பிடித்து உரிக்க ஓரம் இல்லை.
எதையோ எழுதப் போனவர்
பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

பொரளைச் சந்தியில் சிவப்பு.
வெயில் டிக்கியில் நேராய் விழுந்திருக்க வேண்டும்.
பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் கத்தினான்:
"அனுக்‌ஷியா அக்கா! பிரேக் லைற் எரியேல்ல!"

திரும்பிப் பார்த்தேன்.