இருபது கிலோ மழை

இந்த ஊருக்குப் பருவங்கள்
லாரியில் வந்து சேர்கின்றன.
செம்பனை ஆலை வாசலில், எடைமேடையை ஒட்டி
கண்ணாடி வைத்த ஓர் அறை.
அதில் உட்கார்ந்தபடியே
அவற்றுக்குச் சீட்டு அடித்துத் தருகிறேன்.

டயரில் சிவப்புத் தூசி என்றால் பிப்ரவரி.
தார்ப்பாயில் ஒரு கித்தா இலை ஒட்டியிருக்கும்,
செம்பு நிறத்தில், நரம்பு தெரிய.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் பால்மரங்கள்
உதிர்க்கத் தொடங்கிவிட்டன.
கதவைத் திறந்ததும் டுரியான் அடித்தால் ஜூலை.
அந்த மாதம் முழுக்க
நாகேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டுதான்
கையெழுத்து வாங்குவாள்.
ஆகஸ்டுப் புகைமூட்டத்தில் சூரியனை
வெறுங்கண்ணால் பார்க்கலாம்,
ஆறிப்போன முட்டைக்கரு மாதிரி.
நவம்பரில்
காலி லாரியும் கனக்கிறது.
நேற்றைவிட இருபது கிலோ கூடுதல்.
"சேறும்மா" என்கிறார் சங்கிலிமுத்து.
மழை என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இழுப்பறையில் ஒரு நாவல்.
கோயில் மண்டபத்தைக் கழுவிவிட்ட அன்று
கறையான் தின்றது போக எனக்குக் கிடைத்தது.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை.
எழுதியது யார், தெரியாது.
நாயகிக்கு யார்மேல் கோபம், தெரியாது.
எனக்கு அறிமுகமானபோதே
கோபமாகத்தான் இருந்தாள்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
ஒன்றரைப் பக்கம்.
காய்ப்பு மிகுந்த மாதத்தில் அவள்
ரயில் நிலையத்தில், கையில் பெட்டியோடு
பன்னிரண்டு நாள் நின்றாள், பாவம்.
காய்ப்பு குறைந்ததும்
ஒரே மத்தியானத்தில் ஊர் போய்ச் சேர்ந்து
வேலையும் தேடிக்கொண்டு
மாமியாரை மன்னித்தும் விட்டாள்.

தோட்டம் என்றால் இங்கே இரண்டு பொருள்.
ஒன்று, கண்ணுக்கெட்டும் தூரம்வரை
வரிசை பிசகாமல், கம்பெனி பெயரில்.
மற்றது இந்த அறைக்குப் பின்னால்
ஏழு பெயிண்ட் டின்னில்.
இரும்புக்கடை ஆ லியோங் காசு வாங்கவில்லை.
விளிம்பில் வழிந்து காய்ந்த நிறத்தைப் பார்த்துத்தான்
என்ன வைப்பது என்று முடிவு செய்வேன்.
ஆகாய நீலத்தில் சிலி பாடி.
சந்தன நிறத்தில் பண்டான்.
பச்சை டின்னில் மட்டும்
மூன்று வருஷமாக எதுவும் பிடிக்கவில்லை.
பிறகு ஒரு நாள், நான் விதைக்காத ஒரு பப்பாளி.
"குருவி போட்டது" என்று
வந்த லாரிக்கெல்லாம் சொன்னேன்,
வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி.

ரத்தான சீட்டுகளின் முதுகில் வரைகிறேன்.
பேனாவும் கம்பெனியுடையது.
ரோஸ்லானின் பூனையை
அவன் சொல்லச் சொல்ல வரைந்தேன்.
வால் கோணல், ஒரு காது கிழிசல், மகா திமிர்.
"காது தப்பு, வால் தப்பு,
திமிர் அப்படியே இருக்கிறது" என்றான்.
இப்போது அது அவன் லாரியின் வெயில்மறைப்பில் செருகியபடி
பட்டர்வொர்த் வரை போய்வருகிறது.
நான் கடல் பார்த்து இரண்டு வருஷம்.

இன்று மூன்று மணிக்கு லாரி வரத்து நின்றது.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன்.
வெளிப்பலகையில் சிவப்பு எண்: அறுபது.
நாவலை எடுத்துக்கொண்டு ஏறினேன்.
அறுபது.
பப்பாளி டின்னையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன்.
அறுபதேதான்.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் இதற்கு.
சில்லறையைக் கண்டுகொள்வதில்லை.

சிரிப்பு வந்தது.
டின்னைப் பிடித்தபடி
நாற்பது டன் தாங்கும் இரும்பின்மேல்
தனியாக நின்று சிரித்தேன்.
பப்பாளி இலையில் ஒரு துளி விழுந்தது,
பிறகு என் கண்ணாடியில்.

வளைவில் ஹார்ன் சத்தம்.
சங்கிலிமுத்துதான், விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்.
ஓடிப்போய் உட்கார்ந்து
பதினெட்டு டன் நானூற்று நாற்பது என்ற பழைய சீட்டை
பக்கம் நூற்றுப் பதினொன்றில் வைக்கிறேன்.
அவள் இப்போதுதான்
கதவைத் தட்டியிருக்கிறாள்.