இரண்டு தகடு

கிருஷ்ணகிரி தாண்டி, குருபரப்பள்ளி தாண்டி,
சூளகிரி வந்ததும் பஸ்ஸில் யாரோ
ஜன்னலை இறக்குவார்கள்.
மேடேறியதற்கு அவ்வளவுதான் அடையாளம்.
கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரம் அடி என்கிறார்கள்.
கடலைப் பார்த்தவர்கள்
எங்கள் ஷிப்டில் மூன்று பேர்.

நாலாம் நம்பர் ஹேமரைப் போன வாரம்
பழைய இரும்புக்கு எடை பேசிவிட்டார்கள்.
கேஸ் கட்டர் வருவதற்குமுன்
பெயின்டைச் சுரண்டியது நான்.
பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே பித்தளைத் தகடு,
போலந்து எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர்.
நாலு ரிவெட்டை உளியால் தட்டினேன்.
அதற்கடியில் இன்னொரு தகடு,
ஜெர்மன் எழுத்தில் வேறொரு பெயர்.
சீரியல் நம்பர் மட்டும் அதேதான்.

இம்தியாஸ் போனில் தேடிச் சொன்னான்:
"ரெண்டும் ஒரே ஊருதான்டா.
சைலீசியாவாம். நிலக்கரி பூமி.
கோடுதான் நகர்ந்திருக்கு, ஊரு நகரல."

முனிவெங்கடப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.
ஜூஜூவாடிக்காரன்.
வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம்,
ரேஷன் கடையில் தமிழ்.
அவன் அப்பா பிறந்தது சேலம் ஜில்லா,
அவன் தர்மபுரி மாவட்டம்,
மகள் கிருஷ்ணகிரி மாவட்டம்.
மூவரும் பிறந்தது ஒரே வீட்டில்.
மாடியின் வடக்கு மூலைக்குப் போனால்
கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம் என்று
போன் ஒருதரம் அதிரும்.
துணி காயப்போட அந்த மூலையில்தான் வெயில்.

சிப்காட் வந்த வருஷம்
அவர்கள் கேழ்வரகுக் கொல்லைக்குப் பணம் கொடுத்தார்கள்.
தாத்தா அதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாராம்.
அதை ஓட்டிக்கொண்டே தினமும்
அதே கொல்லைக்கு
வாட்ச்மேன் வேலைக்குப் போனாராம்.
இதைச் சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சிரிப்பான்.

அந்த ஊருக்கு அடியில் எல்லாம் வெற்றிடமாம்.
தோண்டியெடுத்த சுரங்கம், மேலே சாய்ந்த வீடுகள்.
இங்கே கதை வேறு.
ஹேமருக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள்
எட்டடியில் பாறையில் முட்டி
கம்ப்ரசர் கொண்டுவந்தார்களாம்.
அடியில் எதையும் எடுக்க முடியாதபடி ஒரே கல்.
அதனால் நாங்கள் மேலிருந்து அறுக்கிறோம்:
குன்று குன்றாக,
லாரியில் சங்கிலி போட்டு.

தென்பெண்ணைக்குச் செக்போஸ்ட் கிடையாது.
மேலே பெங்களூர் குளித்து, துவைத்து,
கழுவிக் கொட்டியதோடு வந்து
கெலவரப்பள்ளி மதகில் வெள்ளையாகப் பொங்கும்.
அதன்முன் நின்று ஒரு கல்யாண ஜோடி
போட்டோ எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.
மேகம் மாதிரி விழுந்திருக்கும்.

ஹொச ஊரு. புதூர்.
எப்போது வைத்தார்களோ,
இன்னும் புதுசாகவே இருக்கிறது.
இதையும் உளி வைத்துத் தட்டினால்
அடியில் செவிடபாடி என்று வருமாம்.
மலைமேல் இருக்கும் சாமிக்கே
ஒரு காலத்தில் காது கேட்காது என்று கதை.
கேட்டதும் ஃபோர்ஜ் ஷாப்பே சிரித்தது.
முன்வரிசையில் சிரித்ததைப் பார்த்துப்
பின்வரிசையும் சிரித்தது.

வருஷத்துக்கொருமுறை கம்பெனி டாக்டர்
காதில் மூடி மாட்டுவார்.
சத்தம் வந்தால் விரலைத் தூக்கச் சொல்வார்.
போன மாதம் நான்
பக்கத்து நாற்காலிக்காரன் விரலைப் பார்த்துத் தூக்கினேன்.
அவன் யாரைப் பார்த்தானோ.

எடைக்காரர் பித்தளைக்குத் தனி ரேட் என்றார்.
மேல் தகட்டை அவரிடம் போட்டேன்.
கீழ்த் தகடு டிபன் பையில்,
புளிச்சோற்று டப்பாவுக்கு அடியில்.
நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது
ரோஜாக்கட்டு ஏற்றிய வேன்கள்
பனியில் ஹெட்லைட்டோடு போய்க்கொண்டிருந்தன.
கேட்டில் செக்யூரிட்டி ஏதோ கேட்டான்.
வாய் அசைந்தது.
நான் நடந்துகொண்டே இருந்தேன்.
நடிப்பு என்று நினைத்திருப்பான்.