ஈரக் கைக்கு ஒன்று

என்.சி. வீதியில் மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும்
கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.
தொட்டேன்.
என் விரலை அதற்குத் தெரியவில்லை.

கொட்பேத் துறையில் மீன் வெட்டுகிறவள் நான்.
விடியப்புறம் மூன்று மணிக்கு
ஐஸ்தண்ணீருக்குள் போகிற கை
பத்து மணிக்குத்தான் வெளியே வரும்.
ரேகை இருந்த இடத்தில்
சுருங்கிய தோல், இரண்டு செதில்.

"போனிலேயே பாட்டு இருக்குத்தானே"
என்றார் கடைக்கார இஸ்ஸதீன்.
இருக்கிறது.
சரணத்தின் நடுவில்
லோன்காரப் பொடியனும் இருக்கிறான்:
"கொறற்றி அக்கா, இந்தக் கிழமை என்ன மாதிரி?"
ஒருவரும் கூப்பிட முடியாத ஒன்று
எனக்கு வேணும்.

ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார்.
வெள்ளி நிறத்தில் ஒன்று, பிஸ்கட் மாதிரி மெல்லிசு.
பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்தால்
என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
சிவப்பில் ஒன்று,
திரை முழுக்க மீன்கள் நீந்தின.
மீன் வேண்டாம் என்றேன்.

பையிலிருந்து றப்பர் கையுறையை எடுத்து மாட்டினேன்.
வாடை எழும்பியது.
ஒரு பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.
இஸ்ஸதீன் ஒன்றும் சொல்லவில்லை,
காற்றாடியை ஒரு எண் கூட்டினார்.
கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.
நிறுத்துவது எது, அடுத்தது எது,
பொத்தான் எனக்குச் சொல்ல வேணும்,
நான் அதைக் கேட்கக் கூடாது.

"விழுந்தா?"
"விழாமப் பாருங்க."
"உப்புப் பட்டா?"
"படாமப் பாருங்க."
திருமலையில் கடை வைத்துக்கொண்டு
உப்புப் படாமல் பார்க்கச் சொல்கிற
முதல் ஆள்.
"கரண்ட் இல்லாட்டி?"
பெட்டியைத் திருப்பி வாசித்தார்:
முப்பது மணித்தியாலம்.
எங்கள் ஐஸ் பெட்டியிலும்தான் எழுதியிருக்கிறது
இரண்டு நாள் தாங்கும் என்று.

பள்ளியில் பாங்கு தொடங்கியது.
என் முகத்தைப் பார்த்தபடியே
இஸ்ஸதீனின் இடக்கை மேசைக்குக் கீழே போனது.
பாட்டு நின்றது.
கடைக்குள் அதுவரை பாட்டு இருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.
பாங்கு முடிய
கை மறுபடி போனது.
விட்ட இடத்திலிருந்து அதே வரி.
குனியவில்லை. ஒரு தரமும் அவர் குனியவில்லை.

"அதைக் காட்டுங்க."

சாம்பல் நிறம், பாதி கரைந்த சவர்க்காரம் அளவு.
பின்மூடிக்கு ஒரு றப்பர் பட்டி.
பொத்தான்களில் அடையாளம் அழிந்து
நடுவில் பெருவிரலுக்கு ஒரு குழி.
"ஏழு வருசம். ஓட்டோவில இருந்து விழுந்தது.
வெள்ளத்தில ஒரு நாள் கிடந்தது,
வெயில்ல வச்சன், பாடிச்சு.
இது விக்கிறதுக்கில்ல."

மற்றதெல்லாம் இனித்தான் உடைய வேணும்.
இது உடைந்து முடித்திருந்தது.

வெள்ளியின் விலையில் பாதி என்றேன்.
தலையாட்டினார், இல்லை என்று.
முக்கால். அதோடு ஒரு முழுப் பாரை,
வெட்டித் துப்புரவாக்கி.
கொஞ்ச நேரம் றப்பர் பட்டியை இழுத்து இழுத்து விட்டார்.
"பாட்டெல்லாம் அழிச்சுத் தாறன்,
அதில கண்டதும் கடியதும் இருக்கு."
இருக்கட்டும் என்றேன்.

இப்போது மூன்று மணிக்கு
அவருடைய பாட்டுகளோடு நான் சூரை வெட்டுகிறேன்.
ஒரு பைலா. ஒரு கஸீதா.
பிறகு ஒரே காதல் பாட்டு
அடுத்தடுத்து மூன்று தரம்.
ஏன் மூன்று என்று நான் கேட்கவில்லை.
சுப்பர்வைசர் எதிரே நின்று வாயசைக்கிறார்,
அவருக்கும் அந்தக் குரல்தான் பொருந்துகிறது.

போன புதன் அந்த வழியால் வந்தேன்.
பாங்கு தொடங்கியிருந்தது.
இஸ்ஸதீன் மேசைக்குக் கீழே குனிந்து
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அந்த வெள்ளியைத் தேய் தேய் என்று தேய்த்தார்.
அது பாடிக்கொண்டே இருந்தது.

வாசலில் நின்றபடி
பைக்குள் கையை விட்டு
நான் என்னுடையதை நிறுத்தினேன்.